கரி வந்து நின்ற இடம்

என் உடம்பில் கோளாறு இருக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது நான் நெய்துகொண்டிருந்த சேலைதான். அரக்கு நிற உடல், பச்சைக் கரை. ஒரு முழம் நெய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், நாலைந்து இடத்தில் ஊடை இழை (குறுக்கே ஓடும் நூல்) பாவுக்குள் (நீளவாக்கில் கட்டிய நூல்களுக்குள்) போகாமல் மேலாக மிதந்துகொண்டிருந்தது. தறியில் இடது காலால் அழுத்தும் மிதி முழுதாக இறங்காவிட்டால்தான் அப்படி வரும். இருபத்தாறு வருடமாக மிதிக்கிற கால். அது சரியாக மிதிக்கவில்லை என்பது எனக்கே தெரியவில்லை.

குனிந்து பார்த்தேன். பாதம் மிதியின் மேல்தான் இருந்தது. குதிகாலை நகத்தால் கீறினேன். வேறு யாருடைய காலையோ கீறுவது போல இருந்தது.

நாங்கள் நெய்வது குழித்தறி (தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை விட்டு, விளிம்பில் பலகை போட்டு உட்கார்ந்து நெய்வது). காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பின்பக்கம் வலிக்காத ஆள் கிடையாது. அதற்குக் குழிவலி என்று பெயரே வைத்திருக்கிறோம். எனக்கும் வால் எலும்புக்கு மேலே நான்கு வருடமாக வலி. குழிவலி என்றே நினைத்தேன். என் கணவர் தணிகாசலம் பலகையை மூன்று முறை இழைத்துக் கொடுத்தார். குழியைக் கொஞ்சம் மேடாக்கிப் பார்த்தார். நான் பழந்துணியைச் சுருட்டி வளையம் தைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். சுளுக்கு எடுக்கிறவரிடம் குப்புறப் படுத்து, நன்றாக அழுத்துங்கள் என்று நானே சொன்னேன். நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

இதைப் படிப்பவர்களில் தறிக்காரர்கள் இருந்தால் கேளுங்கள். உட்கார்ந்தால் வலித்து, எழுந்து நடந்தால் விடுவது குழிவலி. படுத்தாலும் விடாத வலி, கூடவே மலச்சிக்கல், காலில் மரத்துப்போவது, சிறுநீர் வருவதற்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அது வேறு. பலகையைத் திட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

உள்ளூர் மருத்துவமனையில் பார்த்துவிட்டு என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடம்பின் உள்ளே படம் எடுப்பது), பிறகு பயாப்சி (ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பது). பத்து நாளில் பெயர் தெரிந்தது. கார்டோமா. கருவில் முதுகெலும்பு உருவானபோது மிச்சமாகத் தங்கிவிட்ட திசுவிலிருந்து வளரும் அரிய புற்று. என்னுடையது திருவெலும்பில் (இடுப்புக்குப் பின்னால் இருக்கும் முக்கோண எலும்பு) சாத்துக்குடி அளவுக்கு உட்கார்ந்திருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே அதற்கு விதை போட்டாயிற்று. பாவம், பலகை என்ன செய்யும்.

அறுவை சிகிச்சை மருத்துவர் படத்தைத் திரையில் போட்டுப் பேனாவால் காட்டினார். நல்ல மனிதர். எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"மெதுவா வளர்ற கட்டிதாம்மா. ஆனா இருக்கிற இடம் மோசம். முழுசா எடுக்கணும்னா இந்த நரம்புங்களையும் சேர்த்து வெட்டியாகணும்."

"வெட்டினா?"

"சிறுநீருக்குக் குழாய். மலத்துக்கு வயித்துல பை. இடது பாதம் தூக்க வராம போகலாம். உயிருக்கு அதுதான் பாதுகாப்பு."

"ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் குழியில உக்கார்றவ நான், டாக்டர். நீங்க எடுத்துட்டா எதுமேல உக்கார்றது?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். ஏதாவது சமாதானம் சொல்லி மழுப்பாததற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

திரும்பி வரும் பேருந்தில் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உசிரு இருந்தா போதும்மா," என்றார்.

"யாருக்குப் போதும்?" என்றேன்.

வாலாஜாபாத் வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் அன்றே அறுவை மேசையில் படுத்திருப்பேன்.

பையோடும் குழாயோடும் வாழ்கிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அப்படி இருந்துகொண்டு வேலைக்குப் போய்வருகிற இரண்டு பேரை மருத்துவமனை வராந்தாவில் பார்த்தேன். அவர்கள் முன் என் வீம்பெல்லாம் சின்னது. வேறு வழியே இல்லை என்றால் நானும் அதற்குத் தலையை நீட்டியிருப்பேன். வேறு வழி இருக்கிறதா என்று கேட்காமல் தலையாட்ட மட்டும் மனம் ஒப்பவில்லை. சாப்பாடு, பேச்சு, சேலை எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்துப் பழகிய உடம்புதான் இது. என் சிறுநீரை நானே எழுந்து போய்க் கழிப்பது என்கிற ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

கேட்டேன். வழி இருந்தது. வழக்கமான கதிர்வீச்சு இந்தக் கட்டியிடம் அவ்வளவாகச் செல்லுபடியாகாது. அதைக் கொல்லும் அளவுக்குக் கொடுத்தால் பக்கத்தில் இருக்கும் குடலும் வெந்துபோகும். புரோட்டான் சிகிச்சை நம் ஊரிலேயே இருக்கிறது. அதைவிடக் கனமான துகளால், அதாவது கார்பன் அயனியால் (மின்னேற்றம் பெற்ற கரி அணுவால்), கொடுக்கும் சிகிச்சையும் உண்டு. எனக்கு அது கூடுதலாக உதவலாம் என்று சொன்னவரும் அதே அறுவை மருத்துவர்தான். அப்போது அது இந்தியாவில் இல்லை. என் தம்பி குமரவேல் ஜப்பானில் இயந்திர பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருக்கிறான். படங்களை அவன் வழியாக அங்கே அனுப்பினார்கள். வரச் சொல்லிப் பதில் வந்தது.

எவ்வளவு செலவு என்று எழுதப்போவதில்லை. என்னைப் பார்க்க வந்த எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். எங்களால் முடிந்தது, தம்பியால் முடிந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன். முடியாதவர்கள் ஏராளம் என்பது எனக்குத் தெரியும். அது நியாயமில்லை என்றும் தெரியும்.

கார்பன் என்று நான் சென்னையிலிருந்து போனில் சொன்னதும் என் கணவர், "கரியா? அடுப்புக் கரியா?" என்றார்.

"அதே கரிதான். கொஞ்சம் வேகமா வருமாம்."

அது கொஞ்ச வேகம் இல்லை. பெரிய வளையத்துக்குள் சுற்றவிட்டுச் சுற்றவிட்டு, ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல் ஏற்றி அனுப்புகிறார்கள். ஜப்பானில் என்னைப் பார்த்த மருத்துவர் ஒல்லியான பெண்மணி. என் வயதுதான் இருக்கும். ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் கோடு போட்டுச் சொல்லச் சொல்ல, குமரவேல் எனக்குத் தமிழில் சொன்னான். சாதாரண எக்ஸ் கதிர் தோலுக்குக் கீழேயே தன் பலத்தைக் கொட்ட ஆரம்பித்து, கட்டியைத் தாண்டி மறுபக்கமும் போகும். கனமான துகள் வழியில் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. எங்கே நிற்கப்போகிறதோ அங்கே வந்துதான் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொட்டும். அதற்குப் பின்னால் ஏறக்குறைய எதுவும் போகாது. எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை வேகத்தைக் கூட்டிக் குறைத்து முடிவு செய்கிறார்கள்.

"சரி, நின்னுடுச்சு. நின்ன எடத்துல இன்னா பண்ணுது?" என்று கேட்டேன்.

செல்லுக்குள் டி.என்.ஏ. (உடம்பின் வேலைக் குறிப்பு முழுவதையும் தாங்கியிருக்கும் இரட்டை இழை) இருக்கிறது. எக்ஸ் கதிர் அதை அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுக்கும். பல முறை ஓர் இழை மட்டுமே அறும். செல் பழைய தறிக்காரன் மாதிரி. அறுந்ததைப் பிணைத்துக்கொண்டு வேலையைத் தொடரும். புற்றுச் செல்லும் தொடரும், அதுதான் தொல்லை. கரித் துகள் அப்படிச் சிதறலாக அறுப்பதில்லை. போகும் தடத்தில் நெருக்கமாக, ஒரே இடத்தில் இரண்டு இழையையும் பல துண்டாக அறுத்துவிடுகிறது.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் வந்தது. "தம்பி, அவங்கள கேளு. ஒரே எடத்துல பத்து இழை அறுந்து, நடுவுல துண்டும் காணாமப் போச்சுன்னா, எது எதோட சேரணும்னு செல்லுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் கேட்டான். மருத்துவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஏதோ சொன்னார்.

"தெரியாதாம்கா. தப்புத்தப்பா சேத்துக்குமாம், இல்லன்னா சேக்கவே முடியாதாம். அதான் வைத்தியமேன்னு சொல்றாங்க."

இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். கட்டியின் நடுவில் பிராணவாயு சரியாகப் போகாது. அப்படி மூச்சுத் திணறிக் கிடக்கும் செல்கள் எக்ஸ் கதிருக்கு அடங்காது. கரித் துகளிடம் அந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைக்காது. இரண்டாவது விஷயத்தை நான் அன்று சரியாக மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. அடிபட்ட செல் அன்றைக்கே சாகாது. அடுத்த முறை அது இரண்டாகப் பிரியப் பார்க்கும்போதுதான், அறுந்துபோன குறிப்பை வைத்துக்கொண்டு பிரிய முடியாமல் சாகும். மெதுவாக வளரும் கட்டி மெதுவாகத்தான் சாகும்.

"என் நரம்பு?" என்றேன். குமரவேல் மொழிபெயர்க்கத் தயங்கினான். "கேளுடா," என்றேன்.

நரம்புச் செல் பிரியாது, அதனால் ஓரளவு தாங்கும். ஆனால் கட்டியை ஒட்டிப் போகும் நரம்புக்கும் அதே அடி விழும். இப்போது இருப்பது அப்படியே இருக்கலாம். இரண்டு மூன்று வருடம் கழித்துக் கால் இன்னும் மோசமாகலாம், சிறுநீரும் போகலாம். உத்தரவாதம் இல்லை. அவர் அதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பொய் சொல்லாதவரிடம் உடம்பைக் கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

நான்கு வாரத்தில் பதினாறு முறை. குப்புறப் படுக்கவைத்து, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை இடுப்பின் மேல் போட்டு என் உருவத்துக்கே அச்சு எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அதை மாட்டி, மயிரிழை பிசகாமல் சரிபார்க்கவே இருபது நிமிடம் ஆகும். கதிர் வருவது சில நிமிடம்தான். ஒன்றும் தெரியாது. சூடில்லை, வலியில்லை. உயிர் போகிற காரியம் உள்ளே நடந்துகொண்டிருக்கும், நான் மூக்கு அரிக்கிறதே என்று படுத்திருப்பேன்.

எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சிறுநீர்ப்பை தினமும் ஒரே அளவு நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே குடல் நகர்ந்துவிடும், கதிர் இடம் மாறி விழும். அளந்து தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு வர வேண்டும். எதை இழக்க மாட்டேன் என்று அடம்பிடித்தேனோ அதையே தினமும் செய்துகாட்டச் சொன்னார்கள்.

ஒன்பதாவது நாள் முடியவில்லை. அச்சு மாட்டி, படம் பார்த்து, எல்லோரும் வெளியே போய்க் கதவு மூடும் நேரத்தில் எல்லாம் நனைந்துவிட்டது. குப்புறப் படுத்திருந்ததால் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று. இரண்டு பெண்கள் வந்து அச்சைக் கழற்றித் துடைத்து, எனக்கு வேறு துணி மாற்றினார்கள். ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசவில்லை. நான் தமிழிலேயே கட்டியைத் திட்டினேன், இங்கே எழுத முடியாத வார்த்தைகளில். பிறகு மறுபடி தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, மறுபடி ஒரு மணி நேரம் அடக்கி, அன்றைய கணக்கை அன்றே முடித்தேன். அறைக்குப் போய் அழுதேன். பயத்தில்தான் அழுதேன்.

ஊர் திரும்பியபோது பின்பக்கத் தோல் கருத்து உரிந்திருந்தது. இரண்டு மாதம் உட்காரவில்லை. குப்புறப் படுத்தே சாப்பிட்டேன். கால் முழுக்க மின்சாரம் ஓடுவது போன்ற நரம்பு வலி வரும், போகும். மூன்றாம் மாதம் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கட்டி அதே சாத்துக்குடி அளவில், அதே இடத்தில் இருந்தது. அடிபட்ட செல் மெதுவாகத்தான் சாகும் என்ற அந்த இரண்டாவது விஷயம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. என் நாத்தனார் (கணவரின் அக்கா) மல்லிகா ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து அறிக்கையை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கட்டியின் அளவு மட்டும் புரிந்தது. "இம்மாந் தூரம் போயி, இன்னாத்துக்குப் போன?" என்றார். அன்பானவர்தான். நான் ஜப்பானில் இருந்தபோது என் கணவருக்கு வாரம் இரண்டு நாள் சமைத்துக் கொடுத்தவர். அதனால்தான் அந்தக் கேள்வி அப்படிச் சுட்டது.

அதற்கடுத்த மாதம் எங்கள் தறிக்கு முகூர்த்தச் சேலைக்கான பாவு வந்தது. காலையில் தெருவில் பாவை நீளமாக விரித்துக் கட்டினால், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கை காலியாக இருப்பவர்கள் வந்து நின்று அறுந்த இழைகளைப் பிணைத்துக் கொடுப்பார்கள். எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய் நின்றேன்.

"நீ தொடாதம்மா கற்பகம்," என்றார் நாத்தனார். "கலியாணப் பட்டு. உன் உடம்புல கதிரு ஏத்தியிருக்குது. சாயம் கெட்டுடும்னு சொல்றாங்கோ."

"யாரு சொல்றாங்கோ அண்ணி?"

எதிர்வீட்டுக்காரர்கள் இழையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதையும் நான் ஜப்பானிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தேன். கதிர் பட்டவுடன் அந்த இடத்தில் ஏதோ துளி கதிரியக்கம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும். வீட்டுக்கு எடுத்துவர ஒன்றும் மிஞ்சாது. குழந்தையைத் தூக்கலாம், சோறு பிசையலாம்.

"உள்ள வந்த கரி வந்த எடத்துலயே நின்னுடுச்சு அண்ணி. அதுக்குக் கையா இருக்குது, வந்து பட்டுல ஒட்டிக்கறதுக்கு?" என்று சொல்லிவிட்டு, பாவில் கை வைத்தேன். அறுந்த இழை ஒன்றை எடுத்து எச்சில் தொட்டு முறுக்கிப் பிணைத்தேன். அடுத்ததையும் எடுத்தேன். என் கணவர் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்கு அடுத்த இழையைப் பிடித்துக் கொடுத்தார். பேருந்தில் நான் கேட்ட கேள்விக்கு அது பதில் என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் வேலையைத் தொடர்ந்தார்கள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்ட பெண் நன்றாகத்தான் இருப்பாள்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. குதிகாலுக்கு உணர்வு திரும்பவில்லை. மிதியில் காலை வைத்ததும் குனிந்து பார்த்து, இறங்கியதா என்று உறுதிசெய்துகொள்கிறேன். முன்பு கால் தானாகச் செய்த வேலையை இப்போது கண் செய்கிறது. ஆறு மணி நேரம் முடியாது. நாற்பது நிமிடம் உட்கார்ந்து, எழுந்து நடந்து, மறுபடி உட்காருகிறேன். இரண்டு மாதத்தில் முடித்த வேலை நான்கு மாதம் ஆகிறது. ஆகட்டும்.

உங்கள் கையிலும் இப்படி ஓர் அறிக்கை இருக்கலாம். என் உடம்புக்கு ஒத்துவந்தது உங்கள் உடம்புக்கு ஒத்துவரும் என்று நான் சொல்ல முடியாது. எனக்கே நாளைக்கு என்ன என்று தெரியாது. நரம்பு எப்போது வேண்டுமானாலும் கைவிடலாம். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள். கேட்பதற்கு அவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முன்பெல்லாம் நாட்களைச் சேலை முடியும் தேதியால் எண்ணுவேன். இப்போது ஓர் எம்.ஆர்.ஐ.யிலிருந்து அடுத்த எம்.ஆர்.ஐ. வரைக்கும் எண்ணுகிறேன். எதுவும் நடக்காமல் போன ஆறு மாதம் எனக்குப் பெரிய விசேஷம். என் திருவெலும்புக்குள் ஒவ்வொரு செல்லும் பிரியப் பார்த்து, முடியாமல், தன் நேரத்துக்குச் செத்துக்கொண்டிருக்கிறது. அதன் அவசரமின்மைக்கு நானும் பழகிவிட்டேன்.

போன வாரம் புது அறிக்கை வந்தது. சாத்துக்குடியில் ஒரு சுளை குறைந்த அளவுக்குக் கட்டி சுருங்கியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, வளரவில்லை என்று மருத்துவர் சொன்னார். நாத்தனார் ஐயம்பேட்டையிலிருந்து வந்துவிட்டார். காபி போட்டுக் கொடுத்தேன். நானும் இரண்டு டம்ளர் குடித்தேன்.

"கட்டி போச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு," என்றார்.

"போவல அண்ணி. இருக்குது."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது பாட்டுக்கு உக்காந்துக்கினு இருக்கட்டும் அண்ணி," என்றேன். "நான் எழுந்து ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்."

போய்விட்டு வந்தேன்.